பழைய கட்டடத்திற்கு வெந்நீர்: விறகா, டீசலா?

அந்தமானில் பழைய மரக்கட்டடம் ஒன்றைப் புதுப்பித்து விருந்தினர் இல்லமாக்க எண்ணுவோர், கூரைக்கும் தரைக்கும் ஆகும் செலவை முதலில் கணக்கிடுவர். வெப்பத்திற்கான செலவோ ஆண்டுதோறும் தொடர்வது. குளிர்காயும் தேவை இத்தீவுகளில் இல்லையெனினும், குளியலுக்கும் சலவைக்கும் வெந்நீர் நாள்தோறும் வேண்டும். அதை டீசலால் பெறுவதா, விறகு, சிரட்டை முதலிய தாவர எரிபொருள்களால் பெறுவதா என்று காண்போம்.

1,000 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 55 பாகை செல்சியசுக்குச் சூடாக்க, ஏறத்தாழ 35 யூனிட் வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட்டும், ஒரு கிலோ உலர்ந்த விறகில் சுமார் 4 யூனிட்டும் உள்ளன. டீசல் கொதிகலனின் திறன் 80 விழுக்காடு, விறகுக் கொதிகலனின் திறன் 60 விழுக்காடு எனக் கொண்டால், நாளொன்றுக்கு 4.4 லிட்டர் டீசலோ 14.6 கிலோ விறகோ செலவாகும். ஆண்டுக்கு இது 1,600 லிட்டர் டீசல் அல்லது 5.3 டன் விறகு. ஒரு லிட்டர் டீசலின் விலைக்கு 3.3 கிலோவுக்கு மேல் உலர்ந்த விறகு கிடைத்தால், எரிபொருள் வகையில் விறகே மலிவு.

ஆனால் விலை மட்டும் முடிவு செய்வதில்லை. டீசல் பெருநிலத்திலிருந்து கப்பலில் வரவேண்டும். விறகோ தீவிலேயே உண்டு. சாத்தம் மர அறுவை ஆலை 1883ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. எனினும் 2002இல் உச்ச நீதிமன்றம் இங்கு மரம் வெட்டுதலைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. காட்டைக் குறைத்து நீரைச் சூடாக்குதல் தகாது. தென்னந்தோப்புகளின் சிரட்டை, மட்டை, அறுவை ஆலைகளின் மரத்தூள் ஆகியவையே முறையான வழி.

ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் நிலத்தில், எரிபொருளை உலர வைக்கக் கொட்டகை வேண்டும். பாதி எடை ஈரமாகவுள்ள விறகு, உலர்ந்ததில் ஏறக்குறைய பாதி வெப்பமே தரும். கரையான் கட்டடத்திற்கும் பரவாதிருக்கக் கொட்டகை விலகி நிற்றல் நலம். தீப்பொறி மரக்கூரைக்குப் பகை. ஆதலின் கொதிகலனைத் தனிக்கட்டடத்தில் அமைத்தல் வேண்டும். டீசல் தொட்டிக்கோ கசிவைத் தடுக்கும் கட்டுத்தளம் தேவை.

இரண்டிற்கும் முன்பாகச் சூரிய வெந்நீர்க் கருவியைப் பொருத்துவது நன்று. மழைக்காலத் தேவைக்கு மட்டும் கொதிகலன் எனில், அதன் அளவும் குறையும். எரிபொருள் இருப்பும் சிறிதாகும். புதுப்பிப்புக் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன், கருவி, கொட்டகை, பராமரிப்பு, எரிபொருள் ஆகிய நான்கையும் பத்தாண்டுக் கணக்காக எழுதிப் பார்த்தால், தவணைச் சுமையையும் தெளிவாகக் காணலாம்.