காகக் கூட்டில் குயிலின் பிள்ளை

மார்ச் பிறந்துவிட்டால் அக்கரைப்பற்றில் சுபஹ் பாங்கோடு குயிலும் கூவத் தொடங்கிவிடும். சிங்கள மக்கள் அந்தக் குரலைச் சித்திரைப் புத்தாண்டின் வரவாகவே கொள்வார்கள். கூவுவது ஆண். பளபளக்கும் கறுப்பு உடல், இரத்தச் சிவப்புக் கண். பெண் கபில நிறம், மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதற்குக் 'கிக்-கிக்' என்ற கூர்மையான சத்தம்தான்.

இந்தச் சோடி கூடு கட்டுவதேயில்லை. மீன் சந்தையும் வளவு மரங்களும் உள்ள நம் கரையோர ஊர்களில் காகத்துக்கா பஞ்சம்? ஆண் குயில் காகக் கூட்டுக்குப் பக்கத்தில் போய்க் கூவும். காகங்கள் அதைத் துரத்திக்கொண்டு போகும் இடைவெளியில் பெண் உள்ளே புகுந்து முட்டையிட்டுவிடும். சுள்ளியும் கம்பித் துண்டும் பின்னிய அந்தக் கூட்டில் காக முட்டை நீலப்பச்சையாக, கபிலப் புள்ளிகளோடு கிடக்கும். குயில் முட்டையும் ஏறக்குறைய அதே சாயல், அளவில்தான் சிறிது. காகம் கண்டுகொள்வதில்லை. 1880 வரை இலங்கையில் குயில் அண்டங்காகத்தின் கூட்டையே நாடுவதாக அறியப்பட்டிருந்தது. ஊர்க்காகத்தின் கூட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரிக்கும். காகக் குஞ்சு வெளிவர இன்னும் மூன்று நாளளவு செல்லும். அந்த மூன்று நாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முந்திய குஞ்சு இரையை வாங்கிக்கொள்ள, பிந்தியது சிலவேளை பட்டினியில் செத்துப்போகும். இது கொடுமைதான். ஆனாலும் வேறு சில குயிலினக் குஞ்சுகளைப்போல் கூட்டிலுள்ள முட்டைகளை வெளியே தள்ளும் வழக்கம் இதற்கு இல்லை.

சஹாராவுக்குத் தெற்கே வைடா என்ற சிறு குருவியும் இப்படித்தான் பிழைக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஊசிவால் வைடா ஆணின் வால் 20 சென்ரிமீற்றர் வரை நீளும். அதன் உடலைவிட வால்தான் பெரிது. நம் வட்டையில் நெற்கதிர் கொத்தும் சில்லைக்கு உறவான வேக்ஸ்பில் குருவியின் கூட்டில் அது முட்டையிடும். அங்கே ஏமாற்று முட்டையோடு நிற்பதில்லை. வைடாக் குஞ்சு வாயைப் பிளந்தால் அண்ணத்தில் தெரியும் புள்ளிகள் வேக்ஸ்பில் குஞ்சின் புள்ளிகளையே ஒத்திருக்கும். கூட்டுக்காரக் குஞ்சுகளும் கூடவே வளர்ந்து பறப்பதுண்டு. வைடா இனங்கள் பலவற்றில் ஆண், தன்னை வளர்த்த பறவையின் பாட்டையே கற்றுப் பாடும். ஜேர்மன் ஆய்வாளர் யூர்கன் நிகோலாய் 1964இல் இதை விரிவாக எழுதினார்.

வளவில் காகக் கூட்டைக் கலைக்க நினைப்பவர்கள் குஞ்சு பறக்கும்வரை பொறுங்கள். காகம் தீத்தும் குயில் குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் கூண்டில் அடைக்காமல் பக்கத்துக் கிளையில் வைத்துவிடுங்கள்.