மிக்சி கப்ளரும் அர்டுயினோவும்

சட்னிக்கு ஒரு ஜார், மாவுக்கு ஒரு ஜார், மிளகாய்ப்பொடிக்கு இன்னொன்று. மிக்சியில் மோட்டார் மட்டும் ஒன்றுதான். எந்த ஜாரை வைத்தாலும் வேலை நடக்கிறதென்றால் அதற்குக் காரணம் அடியில் இருக்கும் சின்னக் கப்ளர். அதன் பற்களோடு ஜாரின் பற்கள் சேர்ந்தால் போதும். வேறு கம்பெனி ஜாரை வாங்கி வந்தவர்களுக்குத் தெரியும், கொஞ்சம் பிசகினாலும் அது பரணுக்குத்தான் போகும்.

சொந்தமாக மின்னணுக் கருவி செய்துகொள்ள உதவும் அர்டுயினோவும் இதே ஏற்பாடுதான். 2005இல் இத்தாலியின் இவ்ரியா ஊரில், எலக்ட்ரானிக்ஸ் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் கையாளட்டும் என்று மாஸ்ஸிமோ பான்சி முதலான ஐவர் கொண்டுவந்தது. அங்கே படித்த எர்னாண்டோ பர்ராகான் அதற்கு முன்பே செய்திருந்த ‘வயரிங்’தான் இதற்கு அடித்தளம். அவர் பெயரைப் பலரும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

அடியில் இருப்பது யூனோ என்ற அர்டுயினோ போர்டு. அதில் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏடிமெகா328 சிப். நிரலுக்கு 32 கிலோபைட் இடம், தொட்டிச் செடிக்குத் தானாகத் தண்ணீர் ஊற்றும் கருவி செய்ய அது தாராளம். இரு ஓரங்களிலும் வரிசையாகத் துளைகள்: 14 டிஜிட்டல், 6 அனலாக், 5 வோல்ட், கிரவுண்ட். கப்ளர் இதுதான். இந்தத் துளைகளுக்கு ஏற்பக் கால்கள் வைத்த எந்தப் பலகையையும் மேலே அழுத்திச் செருகலாம். அதற்கு ஷீல்டு என்று பெயர். மோட்டாருக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று, மெமரி கார்டுக்கு ஒன்று. ஜாரின் மேல் ஜார் நிற்காது; ஷீல்டுகளையோ மாடி மாடியாக அடுக்கலாம், இரண்டும் ஒரே துளைக்கு மல்லுக்கட்டாத வரை.

தொட்டிச் செடிக்கே வருவோம். மண்ணில் குத்திய ஈரமானி, ஈரத்துக்கேற்ப ஒரு மின்னழுத்தத்தைத் தரும். அனலாக் துளை அதை 0 முதல் 1023க்குள் ஓர் எண்ணாக்கும். நீங்கள் எழுதிய நிரல் மின்சாரம் உள்ளவரை சுற்றிச் சுற்றி வந்து அந்த எண்ணைப் பார்க்கும். வறட்சி என்று நீங்கள் வைத்த வரம்பு வந்ததும் பம்பை ஓட்டச் சொல்லும். அந்த வரம்பு எவ்வளவு? காய்ந்த மண்ணிலும் நனைத்த மண்ணிலும் குத்திப் பார்த்து நீங்களே முடிவு செய்ய வேண்டியதுதான். செம்மண்ணுக்கு ஒன்று, தேங்காய்நார்க் கலவைக்கு வேறொன்று.

பம்பை நேராகத் துளையில் மாட்டிவிடாதீர்கள். ஒரு துளை தாங்கும் உச்சமே 40 மில்லிஆம்பியர். சின்ன பம்ப்கூட அதைவிடப் பல மடங்கு இழுக்கும், சிப் கெட்டுப்போகும். மோட்டார் ஷீல்டு இங்கேதான் வேண்டியிருக்கிறது. போர்டு கட்டளை மட்டும் இடும்; ஷீல்டில் உள்ள எல்298 சிப் தனி மின்சாரத்திலிருந்து 2 ஆம்பியர் வரை எடுத்துக் கொடுக்கும்.

மிக்சிக் கம்பெனிகள் கப்ளரின் அளவைத் தம்மோடு வைத்துக்கொள்கின்றன. அர்டுயினோ முழு வரைபடத்தையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டது. யாரும் அதை எடுத்துத் திருத்தலாம், செய்து விற்கலாம். திருத்தியதையும் அதே நிபந்தனையில் திறந்துவைக்க வேண்டும். அர்டுயினோ என்ற பெயரை மட்டும் ஒட்டக் கூடாது. சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் யூனோ போர்டுகள், அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளாதவரை, திருட்டுச் சரக்கு அல்ல. உள்ளே இருக்கும் சிப்பின் வடிவமைப்பு மட்டும் யாருக்கும் திறந்ததில்லை. திறந்த வன்பொருள் என்று பேசுகிறவர்கள் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

திறந்த கப்ளருக்கும் ஒரு விலை உண்டு. போர்டை உற்றுப் பாருங்கள்: துளைக்குத் துளை 0.1 அங்குலம். டிஜிட்டல் துளைகளில் 7க்கும் 8க்கும் நடுவில் மட்டும் 0.16. தொடக்க காலத்து வடிவமைப்பில் நேர்ந்த பிசகு அது. திருத்தினால் ஏற்கெனவே உலகெங்கும் செய்து விற்ற ஷீல்டுகள் பொருந்தாமல் போகும் என்பதால் யாரும் அதில் கைவைக்கவில்லை. 2023இல் வந்த யூனோ ஆர்4இல் பழைய 8 பிட் சிப்பையே தூக்கிவிட்டு ரெனெசாஸின் 32 பிட் சிப்பை வைத்தார்கள். அந்த இடைவெளி இன்னும் 0.16தான்.