மணலில் எழுதிப் படித்தவர்

சாம்பியன் ரீப்ஸில் ஆங்கிலேயர் கட்டிய பங்களாக்களைப் பார்த்திருப்பீர்கள். டென்மார்க் நாட்டாரும் தமிழ்நாட்டில் கட்டடங்கள் கட்டினார்கள். டென்மார்க் ஐரோப்பாவில் ஒரு சிறிய நாடு. கர்நாடகத்தில் கால் பங்குகூட இல்லை!

அவர்கள் வந்த ஊர் தரங்கம்பாடி. மிளகு வாங்க வந்தார்கள். 1620-இல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்தார். கடற்கரையில் கோட்டை எழுந்தது. அது இன்றும் நிற்கிறது.

டென்மார்க் மன்னர் அனுப்பிய ஒரு பாதிரியார் 1706-இல் வந்தார். அவர் பெயர் சீகன்பால்கு. ஜெர்மனிக்காரர். வயது ஏறக்குறைய 24. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. என்ன செய்தார்? பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். மணலில் விரலால் எழுதிப் பழகினார். வளர்ந்த ஆள், சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில்! பிறகு தமிழ்ப் புத்தகங்கள் எழுதினார். பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1715-இல் அந்த வேலை முடிந்தது.

1845-இல் டேனியர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.  சீகன்பால்கு அதற்கு வெகு முன்பே, 1719-இல், அங்கேயே இறந்தார். அவர் கட்டிய கோவிலில்தான் அவருடைய கல்லறை இருக்கிறது.