குருமனைப் பிள்ளைகள்

போதகர் வீட்டுப் பிள்ளைகளை ஊரே கண்காணிக்கும். சிறு குறும்பும் அவர்களிடத்துப் பெருங்குற்றமாகிவிடும். இதனை எண்ணுந்தோறும் இங்கிலாந்தின் ஹோவேத் குருமனையே என் நினைவுக்கு வருகின்றது.

அங்கே போதகராயிருந்த பற்றிக் புறொன்ரே, 1821இல் மனைவியை இழந்து ஆறு பிள்ளைகளுடன் நின்றார். 1825இல் மூத்த பெண்கள் இருவரும் மாண்டனர். எஞ்சிய நால்வரும் விரும்பிய நூல்களை வாசிக்க அவர் தடை விதிக்கவில்லை. ஆயினும், ஒரே மகன் பிரான்வெல்லுக்குத் தாமே பாடஞ் சொல்லி, தம் நம்பிக்கையை அவன்மீதே வைத்தார். அவனோ மதுவுக்கும் அபினுக்கும் அடிமையாகி 1848இல் மறைந்தான்.

பெண்கள் மூவரும் 1847இலேயே நாவலாசிரியைகளாகிவிட்டனர். ‘ஜேன் அயர்’ வெளிவந்த பின்னரே, அதனை எழுதியவர் தம் மகள் சார்லொட் எனத் தந்தை அறிந்தார்.

பெற்றோரின் ஆசை பிள்ளைக்குச் சுமையாகலாம். தடையின்றிக் கிடைத்த நூல் ஒருபோதும் சுமையாவதில்லை என்றே நான் கருதுகிறேன்.