மருந்துக்கு முன் ஒரு ஸ்கேன்: பார்கோட் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது?

ஹெவ்லொக் டவுனும் நாரஹேன்பிட்டியும் அடங்கிய கொழும்பு 5இல் தனியார் வைத்தியசாலைகளுக்குக் குறைவில்லை. எந்த வாட்டிலும் ஊசியோ குளிசையோ கொடுக்குமுன் தாதி ஐந்தைச் சரிபார்க்க வேண்டும்: நோயாளி, மருந்து, அளவு, செலுத்தும் வழி, நேரம். ஒரே வாட்டில் இரண்டு சிவகுமார்கள் இருந்தால்? இரவுப் பணியின் களைப்பும் சேர்ந்தால்? அந்த இடத்தில்தான் பார்கோட் துணைக்கு வருகிறது.

எப்படி இயங்குகிறது?

வைத்தியர் மருந்தைக் கணினியில் பதிவார். மருந்தாளர் அதைச் சரிபார்ப்பார். கட்டிலருகே தாதி நோயாளியின் கைப்பட்டியையும் மருந்து உறையையும் ஸ்கேன் செய்வார். ஆள், மருந்து, அளவு, நேரம் எதில் பிசகினாலும் திரை எச்சரிக்கும். கொடுத்த மருந்து அப்போதே பதிவாகிவிடும்.

இந்த யோசனை ஒரு தாதியுடையது. அமெரிக்காவின் டொபீகா நகரில், முன்னாள் படையினருக்கான வைத்தியசாலையில் பணியாற்றியவர் சூ கின்னிக். 1990களின் தொடக்கத்தில், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்தபோது ஊழியர் அதை ஸ்கேன் செய்வதைப் பார்த்தார். வாட்டிலும் இதைச் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது.

பலன் உண்டா? பொஸ்டனின் பிரிகாம் மகளிர் வைத்தியசாலையில் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. நேரத் தவறுகள் நீங்கலான மருந்துப் பிழைகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8ஆகக் குறைந்திருந்தன. குறைந்தனவே தவிர, ஒழியவில்லை.

எங்கே சறுக்குகிறது?

தாதியர் இந்த முறையைச் சுற்றிக்கொண்டு போகும் 15 வழிகளை 2008இல் அமெரிக்க ஆய்வொன்று பட்டியலிட்டது. காரணம் அலட்சியம் மட்டுமல்ல: கசங்கிய பார்கோட், தீர்ந்துபோன பற்றரி, கோடே இல்லாத மருந்து உறை. அவசரத்தில் நோயாளி காத்திருக்க மாட்டார்.

மருந்து உறைதான் நமக்கும் சிக்கல். இலங்கைக்கு வரும் மருந்துகளில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வருகிறது. அங்கே 2023 ஓகஸ்ட் 1 முதல் 300 முன்னணி மருந்துகளுக்கு கியூஆர் கோட் கட்டாயம். ஆனால் உறையில் இடம் போதாவிட்டால் வெளிப்பெட்டியில் அச்சிட்டாலும் போதும். அட்டையிலிருந்து வெட்டியெடுத்த ஒற்றைக் குளிசையில் ஸ்கேன் செய்ய எதுவும் இருக்காது. ஆகவே ஸ்கேனர் வாங்கும் வைத்தியசாலை, ஒவ்வொரு குளிசையையும் தனி உறையிலிட்டு லேபல் ஒட்ட மருந்தகத்தில் ஆளும் வைக்க வேண்டும்.

குடும்பத்தார் என்ன செய்யலாம்?

கணினி தன்னிடம் பதிவானதை மட்டுமே ஒப்பிடும். பெனிசிலின் ஒவ்வாமை பதிவாகவில்லையென்றால் ஸ்கேனர் வாய் திறக்காது. அனுமதிக்கும்போதே ஒவ்வாமைகளையும், கிளினிக் கொப்பியிலுள்ள மருந்துகளையும் சொல்லிவிடுங்கள். ‘மிஸ்’ மறுபடியும் பெயர் கேட்டால் சலிக்காமல் முழுப்பெயரைச் சொல்லுங்கள்.