நிக்காஹ் மண்டபத்திலும் மத்ரஸாவிலும் தீ பிடித்தால் வெளியேற வழி இருக்கிறதா?

விருத்தாசலம் பீங்கான் ஊர். இங்கே சூளை எரியும்போது உள்ளே வெப்பம் 1,200 டிகிரி செல்சியஸை எட்டும். அதற்குச் சில அடி தள்ளி ஆட்கள் நின்று சாதாரணமாக வேலை பார்ப்பார்கள். வெப்பம் தாங்கும் செங்கல் சுவர் தீயை உள்ளேயே நிறுத்திவைக்கிறது, புகைபோக்கி புகையை மேலே அனுப்பிவிடுகிறது. வேலை செய்பவர் விலகி நிற்கவும் இடம் இருக்கிறது. ஒரு கட்டடத்துக்குத் தீப் பாதுகாப்புச் செய்யும் பொறியாளரும் இதையேதான் செய்கிறார். தீ பரவாமல் அடைக்கிறார், புகையை ஆட்களிடமிருந்து பிரிக்கிறார், வெளியேற வழி வைக்கிறார். தண்ணீர், மணல் வாளி, சிவப்பு சிலிண்டர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நமது மண்டபங்களில் சிலிண்டர் பெரும்பாலும் இருக்கிறது. வழிதான் இருப்பதில்லை.

2004ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்கு இதை இரண்டு முறை காட்டியது. ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பிடித்து, மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் பலியானார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் மனநலம் பாதித்தவர்களைத் தங்கவைத்திருந்த கொட்டகை எரிந்து 28 பேர் இறந்தார்கள். அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். தர்கா இருக்கும் ஊர் என்பதால் இந்தச் சம்பவம் நம் சமுதாயத்துக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

கீற்று போய் கான்கிரீட் வந்துவிட்டதே என்று நினைக்கலாம். 2024 ஜூன் 12 அன்று, ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாட்களே இருந்தபோது, குவைத்தின் மங்காஃப் பகுதியில் எரிந்தது தொழிலாளர்கள் தங்கியிருந்த கான்கிரீட் அடுக்குமாடிதான். சுமார் 50 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். தமிழகத்தைச் சேர்ந்தவர்கள் 7 பேர். தீ தரைத்தளத்தில் பிடித்தது. மேலே இருந்தவர்களில் பலரைக் கொன்றது புகை. சூளைக்குப் புகைபோக்கி எதுவோ, அந்தக் கட்டடத்துக்குப் படிக்கட்டு அதுவாகிவிட்டது. மேலே ஓடியவர்களுக்கு மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்ததாகத் தீயணைப்புத் துறையினர் தெரிவித்தார்கள்.

புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குபவரை அது எழுப்பாது, மயக்கத்தில்தான் ஆழ்த்தும். அதனால்தான் ஆட்கள் தூங்கும் கட்டடத்துக்குப் புகை உணரும் கருவி அவசியம். உட்கூரையில் ஒட்டக்கூடிய, பேட்டரியில் இயங்கும் சின்னக் கருவிகளும் கிடைக்கின்றன. படிக்கட்டை மூடும் கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று பொறியாளர்கள் வற்புறுத்துவதும் இந்தப் புகைக்காகத்தான். காற்று வரட்டும் என்று அந்தக் கதவுக்குக் கல் வைத்துத் திறந்துவைப்பது நம் வழக்கம். அந்த நொடியே கதவு இருந்தும் இல்லாததாகிவிடுகிறது.

இனி நமது நிக்காஹ் மண்டபத்துக்கு வருவோம். பெண்களுக்குப் பெரும்பாலும் மாடி. கைக்குழந்தைகளோடு நூற்றுக்கணக்கானோர். இறங்க ஒரே படிக்கட்டு, அதன் அடியில் செருப்புக் குவியல். பல இடங்களில் அதே படிக்கட்டின் கீழ்தான் இன்வெர்ட்டர் பேட்டரியும் பழைய நாற்காலிகளும் கிடக்கும். பின்பக்கம் பிரியாணி தேக்சா அடுப்பில். இரண்டாவது வழி இருக்கும். ஆனால் அதன் சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. பெரிய கூட்டம் கூடும் கட்டடங்களுக்கு 2 மீட்டர் அகலப் படிக்கட்டு, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, ஒன்றுக்கு மேற்பட்ட வழி ஆகியவற்றை 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்கிறது. கதவு உள்பக்கம் திறந்தால், நெருக்கும் கூட்டமே அதை மூடிவிடும். புதிய மண்டபம் கட்டும் ஜமாஅத்துகள் முகப்பு அலங்காரத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை இரண்டாவது படிக்கட்டுக்கு ஒதுக்கினால் போதும்.

மாணவர்கள் தங்கிப் படிக்கும் மத்ரஸாக்களில் இரவில் வெளியே பூட்டுப் போடுவது பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தான். நோக்கம் சரி, முறை ஆபத்தானது. உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாளும், விழித்திருக்கும் ஒரு காவலரும் இருந்தால் அதே பாதுகாப்பு கிடைக்கும். ஜன்னல் கம்பிகளில் ஒன்றையாவது திறக்கும்படி வைக்க வேண்டும்.

மதீனாவில் ஒரு வீடு இரவில் எரிந்துபோன செய்தி எட்டியபோது, தூங்குமுன் நெருப்பை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. விளக்குத் திரியை எலி இழுத்துப்போய் வீட்டுக்குத் தீ வைத்துவிடும் என்று காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது. கவனிக்க ஆளில்லாத நேரத்தில் எது எரிந்துகொண்டிருந்தது என்பதுதான் இன்றும் தீ விபத்தை ஆராய்பவர்களின் முதல் கேள்வி. இன்று திரிக்குப் பதில் மின்கம்பி. பீங்கான் ஃபியூஸ் கேரியரில் மெல்லிய கம்பி போடுவது, சுமை கூடினால் அது முதலில் உருகி மின்சாரத்தைத் துண்டிக்கத்தான். அடிக்கடி போகிறதே என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டால், அடுத்து உருகுவது சுவருக்குள் இருக்கும் வயர்.

1997 ஏப்ரல் 15 அன்று மினாவில் கூடாரங்கள் எரிந்து 343 ஹாஜிகள் இறந்தார்கள். பலர் இந்தியத் துணைக்கண்டத்தவர். அதன்பின் சவூதி அரசு துணிக் கூடாரங்களை எடுத்துவிட்டு, எளிதில் தீப்பிடிக்காத டெஃப்ளான் பூசிய கண்ணாடி இழைக் கூடாரங்களை அமைத்தது. எரிவாயு அடுப்புகளைத் தடைசெய்து, தண்ணீர் தெளிப்பான்களும் வைத்தது. தெளிப்பான் என்றால் சினிமாவில் வருவதுபோல் எல்லாமே ஒன்றாகக் கொட்டும் என்று நினைக்க வேண்டாம். கட்டடங்களில் வைக்கும் சாதாரணத் தெளிப்பானில் ஒரு சிறு கண்ணாடிக் குமிழ் இருக்கும். பெரும்பாலும் 68 டிகிரியில் அது உடையும். தீக்கு மேலே இருப்பது மட்டும் திறக்கும்.

உங்கள் மஹல்லாவில் அடுத்த நிக்காஹ் நாளுக்கு முன் ஒருவர் மண்டபத்தைச் சுற்றிவரட்டும். மாற்று வழியின் பூட்டைத் திறந்து பார்க்கட்டும். சிலிண்டரின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பார்க்கட்டும். தேக்சாவில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும் என்று சமையல்காரரிடம் சொல்லிவைக்கட்டும். தீயணைப்பு நிலையத்தின் எண் 101. 112க்கு அழைத்தாலும் உதவி வரும். வண்டி எந்தத் தெரு வழியாக நுழைய முடியும், அங்கே வாழைமரமும் வரவேற்பு வளைவும் குறுக்கே நிற்கிறதா என்பதையும் அன்றே பார்த்துக்கொள்ளலாம்.