டி.வி. கேம் வாங்கப் போகிறீர்களா?

திருமானூரிலிருந்து கொள்ளிடப் பாலம் தாண்டி, தஞ்சாவூருக்குத் தீபாவளி ஜவுளி எடுக்கப் போனபோது, ஆறு வயசுச் சின்னவனுக்கு மலிவாக ஒரு டி.வி. கேம் வாங்கினோம். நூற்றுக்கணக்கான ஆட்டம் என்று போட்டிருந்தது. வீட்டில் மாட்டினால், அதே ஆட்டம் பேர் மாறி மாறி வருது! பாதி துப்பாக்கிச் சண்டை. ஒரே வாரத்தில் பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. பிடுங்கினால் அக்காவை அடித்தான்.

சகோதரிகளே, பெரியவர்கள் நேரம் வைத்துப் பூட்ட முடியுமா என்று முதலில் கேளுங்கள். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் மூன்றிலும் முடியும். 2017-ல் வந்த ஸ்விட்சில் நம் செல்போனிலிருந்தே தினசரி நேரம் வைக்கலாம். ஆனால் நேரம் முடிந்தால் வெறுமனே எச்சரிக்கை காட்டும். ஆட்டத்தையே நிறுத்தும்படி தனியாக ஒரு தேர்வு இருக்கு, மறக்காமல் போடுங்கள். சின்னஞ்சிறு கேம் கார்டைக் குழந்தை வாயில் போட்டால் துப்பட்டும் என்று கசப்பு தடவியிருக்கிறார்கள். நம் வேப்பெண்ணெய் வைத்தியம்தான்!

உறையில் வயது எண்ணையும் பாருங்கள். ஐரோப்பியக் கணக்கில் 3, 7, 12, 16, 18 என்றிருக்கும்.

இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-ல் சொன்னது: 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 5 வரை ஒரு மணி நேரம், 10 வரை இரண்டு மணிக்குள். டி.வி., செல்போன் எல்லாம் சேர்த்துத்தான்.

பழைய பெட்டி பரண் மேல் ஏறிவிட்டது. பொங்கலுக்கு நல்லதாக ஒன்று வாங்கலாம் என்கிறார் இவர். பூட்டு நம்பர் என்னிடம் இருந்தால் சரி என்றிருக்கிறேன்.